மேற்குச் சுவருக்கு முதல் பரிசு

“அக்கா, என் மேசைக்குப் பின்னாடி சுவர்ல ஒரு கோடு இருக்கு. போன மாசம் அதுக்குள்ள எறும்பு போச்சு. இப்போ பல்லி போகுது” என்று தங்கை சொன்னபோது ஆய்வாளர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

நகரக் கட்டடப் பாதுகாப்புப் பிரிவில் அவருக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். சுவரில் விழும் விரிசல்களைப் படம் பிடிப்பது, அளப்பது, அந்தக் கூரையின் கீழ் மனிதர்கள் இருக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. விருந்துக்குப் போன வீடுகளிலும் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசுவார். அதனால் யாரும் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை.

தங்கைக்கு நிழற்படக் கலைப் பேரவையில் வரவேற்பு மேசையில் எழுத்தர் வேலை. பேரவை என்பது நகரத்தின் பெரிய புகைப்படக் கலைஞர்கள் எல்லாரும் உறுப்பினராக இருக்கும், அல்லது உறுப்பினராக இருப்பதாலேயே பெரிய கலைஞர்களான, பழைய மாடிக் கட்டடம்.

மறுநாள் காலை ஆய்வாளர் கேமராவும் அளவுகோலுமாகப் போய் நின்றார். பெரிய கூடத்தின் மேற்குச் சுவரில், கீழே இடது மூலையில் தொடங்கிய விரிசல் படிப்படியாக ஏறி, மேலே வலது மூலையில் கூரையைத் தொட்டிருந்தது. அகலமான இடத்தில் பதினான்கு மில்லிமீட்டர். அதன் குறுக்கே மூன்று இடங்களில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்; உடைந்தால் ஆபத்து. அவருடைய அனுபவத்தில் மிக வேகமாக உடைந்த கண்ணாடிக்கு நான்கு நாள் பிடித்தது. இது, அவர் பையை மூடுவதற்குள் ‘டிக்’ என்றது.

அன்றே மூன்று படங்களோடு அறிக்கை எழுதினார். ‘உள்ளே இருக்கும் அனைவரையும் உடனடியாக வெளியேற்றவும்.’ ஆனால் ஒரு விதி இருந்தது. கலை நிறுவனங்களை மூடுவதற்கு அந்த நிறுவனத் தலைவரின் சம்மதக் கையெழுத்து வேண்டும்.

“தபால் பிரிவுல கொடுத்தா ஆறு மாசம் தூங்கும் அக்கா” என்றாள் தங்கை. “படத்தோட வர்ற காகிதத்துக்கு இங்க தனிப் படிவம் இருக்கு. அதுல வச்சுக் கொடு, இன்னைக்கே தலைவர் மேசைக்குப் போயிடும்.”

ஆய்வாளர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். அது ஆண்டுப் போட்டிக்கான விண்ணப்பம் என்பதைத் தங்கையும் யோசிக்கவில்லை. பேரவைக்குப் படம் கொடுக்க வருகிறவர்கள் வேறு எதற்காகவும் வந்ததில்லை.

பேரவை அந்த ஆண்டை ‘மூலைவிட்ட ஆண்டு’ என்று அறிவித்திருந்தது. படத்தில் ஒரு கோடு ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக ஓடினால் பார்ப்பவர் கண்ணும் கூடவே ஓடும் என்பது புகைப்படக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. தெரிந்த சங்கதியைத் தெரிந்ததாக விட்டுவிட்டால் பேரவை எதற்கு? செயலாளர் சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கையாக அனுப்பினார். சுவரில் மாட்டியிருந்த படங்கள் எல்லாம் சாய்த்து மாட்டப்பட்டன. மேசைகளின் இடப்பக்கக் கால்களில் நான்கு விரற்கடை அறுத்து எடுக்கப்பட்டது. அதன்பின் பேனாக்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உருண்டு விழுந்தன. அவற்றைப் பொறுக்க ஒருவர் நியமிக்கப்பட்டார். பதவியின் பெயர் ‘அசைவு ஒருங்கிணைப்பாளர்’. கூடத்தைக் கடக்கிறவர்கள் மூலையிலிருந்து மூலைக்குத்தான் நடக்க வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. நான்கு மூலைகளிலிருந்தும் ஆட்கள் புறப்பட்டால் நடுவில் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாளைக்குச் சராசரியாக ஆறு மோதல். அதைக் குறிக்க ஒரு பதிவேடு. அதுவும் தங்கையின் தலையில் விழுந்தது.

“நீ லீவு போடு” என்றார் ஆய்வாளர்.

“மூலைவிட்ட ஆண்டு முடியுற வரைக்கும் லீவு கிடையாதாம்.”

“அப்போ மேசையையாவது வேற பக்கம் தள்ளிப் போட்டுக்கோ.”

“செயலாளர்கிட்ட கேட்டேன். நான் அந்த இடத்துல உக்காந்தாதான் கூடம் முழுமையா இருக்காம். சுவர் பின்புலமாம், நான் முன்புலமாம்.”

ஒரு வாரத்தில் ஆய்வாளருக்குப் பேரவையிலிருந்து கடிதம் வந்தது. ‘தங்கள் படைப்பு குறித்து உரையாட வரவும்.’ அறிக்கையைத்தான் படைப்பு என்கிறார்கள் போலும், கலைஞர்கள் பாஷை அப்படி என்று நினைத்துக்கொண்டு, சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனார்.

தலைவர் எழுபதைத் தாண்டியவர். முப்பது வயதில் ஒரு சாய்ந்த ஏணியைப் படம் பிடித்தார். அந்த ஏணியில் ஏறித்தான் தலைவர் பதவிக்கு வந்தார் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். அன்று வலப்பக்கம் சாய்த்த கழுத்தை அவர் பிறகு நிமிர்த்தவே இல்லை. மருத்துவர் தைலம் எழுதிக் கொடுத்தார். தலைவர் அதைக் கேமராப் பைக்குத் தடவினார்.

“உக்காருங்க” என்றார் தலைவர். “எந்தத் தருணத்துல இந்தக் கோடு உங்களைக் கூப்பிட்டுச்சு?”

“கோடு கூப்பிடல சார். தங்கச்சி சொன்னா. பல்லி போகுதுன்னு.”

செயலாளர் குறிப்பேட்டில் ‘இயற்கையிலிருந்து பெற்ற உந்துதல்’ என்று எழுதிக்கொண்டார்.

“நிமிர்ந்த கோடு நிக்கும். படுத்த கோடு தூங்கும்” என்றார் தலைவர், படத்தின் மீது விரலை ஓட்டியபடி. “மூலைவிட்டம் மட்டும்தான் ஓடும். உங்க கோடு ஓடுது. என் கண் முன்னால ஓடுது!”

“ஆமா சார், ஓடுது. ஒரு வாரத்துல கூரைக்குள்ள இருபது சென்டிமீட்டர் ஓடியிருக்கு. அதான் பயமா இருக்கு.”

“பயப்படாம எவன் கலைஞன் ஆனான்?”

அறையின் இரு பக்கமும் நடுவர்கள் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். கீழ் இடதிலிருந்து மேல் வலதுக்குப் போகும் கோடு ஏறுகிறது என்பது ஏற்றக் கட்சி. மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கு வரும் அதே கோடு இறங்குகிறது என்பது இறக்கக் கட்சி. முப்பது வருடப் பகை. இரண்டு கட்சியும் ஒரே அறையில் தேநீர் குடிப்பதில்லை. ஒரு கட்சியில் பெண் எடுத்தவர் மற்றக் கட்சிக் கல்யாணத்துக்கு வாசலோடு வந்து போவார்.

இறக்கக் கட்சியின் மூத்த நடுவர் எழுந்தார். “ஒரே ஒரு கேள்வி. மனசாட்சிப்படி சொல்லுங்க. இந்தக் கோடு ஏறுதா, இறங்குதா?”

இரண்டு கட்சியும் நாற்காலி நுனிக்கு வந்தன.

“கோடு ஏறுதா இறங்குதான்னு எனக்குத் தெரியாது சார்” என்றார் ஆய்வாளர். “கட்டடம் இறங்குது.”

இறக்கக் கட்சி எழுந்து நின்று கைதட்டியது. ஏற்றக் கட்சியில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தயவுசெஞ்சு கேளுங்க! இந்தப் பக்கத்து அஸ்திவாரம் மண்ணுக்குள்ள உக்காந்துட்டு வருது. எல்லாரும் இங்கிருந்து வெளிய போகணும். சட்டுன்னு போகணும்.”

“சட்டகத்துக்கு வெளியே!” என்றார் தலைவர் நெகிழ்ந்து. “எழுதிக்கோங்க செயலாளர். ‘எல்லாரும் வெளியே போகணும்.’ நாற்பது வருஷமா இதைத்தான் சொல்ல நினைச்சேன், வார்த்தை கிடைக்கல.”

ஆய்வாளர் சம்மதப் படிவத்தை நீட்டினார். தலைவர் பேனாவைத் திறந்து, படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டு, படத்தின் மீது கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல இல்ல சார், இந்தத் தாள்ல.”

“அந்தத் தாள்ல கோடெல்லாம் படுத்துக் கிடக்கு. இந்த வருஷம் படுத்த கோட்டு மேல நான் கையெழுத்துப் போடறதில்ல.”

அன்று சாயங்காலம் அக்காளும் தங்கையும் சமையலறை மேசையில் உட்கார்ந்து, சம்மதப் படிவத்தைச் சாய்ந்த கோடுகளோடு புதிதாக வரைந்தார்கள். நாலாவது வரியில் தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆய்வாளர் முறைத்தார். ஐந்தாவது வரியில் அவருக்கும் வந்துவிட்டது. இருவரும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஆய்வாளர் சட்டென்று நிறுத்தி, “நாளைக்கு நீ உக்காரும்போது சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டாத. சுவரைப் பாத்து உக்காரு” என்றார். தங்கையின் சிரிப்பு நின்றுவிட்டது.

படிவத்தைத் தலைவர் நெடுநேரம் பார்த்தார். “அழகா இருக்கு. ஆனா கோடு தப்பான பக்கம் சாயுது” என்று சொல்லிவிட்டார்.

ஆய்வாளரின் மேலதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டி, மூடச் சொல்லத்தான் சம்மதம் வேண்டும், முட்டுக் கொடுக்கச் சம்மதம் வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தார். உடனே மேஸ்திரி ஒருவர் கூடத்துக்குள் இரும்புத் தூண்களோடு வந்தார். செயலாளர் வாசலிலேயே மறித்தார்.

“இது என்ன?”

“முட்டு சார். கூரையைத் தாங்க.”

“நிமிர்ந்து நிக்குதே?”

“முட்டு நிமிர்ந்துதான் சார் நிக்கும். படுத்தா அது கட்டை.”

“மூலைவிட்டத்துக்கு முன்னால நிமிர்ந்த கோடு நின்னா கண் தடுக்கி விழும். எடுத்துட்டுப் போங்க.”

“கண்ணு விழுந்தாப் பரவாயில்ல சார், கூரை விழக்கூடாதேன்னுதான்...” என்றார் மேஸ்திரி. அதற்குள் அவர் ஓட்டி வந்த வண்டியைச் சாய்வாக நிறுத்தச் சொல்லி இன்னொருவர் வந்துவிட்டார்.

அப்போதுதான் ஆய்வாளருக்கு அந்த யோசனை வந்தது. சாயும் சுவரை வெளியிலிருந்து தாங்கும் மரங்களைத் தரையில் ஊன்றிச் சாய்வாகத்தானே நிறுத்துவார்கள்? நேராகத் தலைவரிடம் போனார்.

“சார், சுவருக்கு வெளிய ஆறு மூலைவிட்டம் வைக்கலாம்னு இருக்கேன். பெரிய மரத்துல.”

தலைவரின் கண்கள் பளபளத்தன. பத்து நிமிடத்தில் அனுமதி கிடைத்தது. மாலைக்குள் ஆறு மரங்களும் சுவரைத் தாங்கி நின்றன. பதினெட்டு வருடத்தில் இவ்வளவு வேகமாக ஒரு வேலை நடந்து ஆய்வாளர் பார்த்ததில்லை. அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் வந்து பார்த்தால் ஐந்து மரங்கள் இருந்தன.

“இரட்டைப்படை எண் கண்ணுக்குச் சலிப்பு மேடம்” என்று விளக்கினார் செயலாளர். “படத்துல எப்பவும் ஒண்ணு, மூணு, அஞ்சுதான் இருக்கணும். அடிப்படை விதி. நீங்க ஆறு வச்சது எங்களுக்கே ஆச்சரியம். நாங்க ஒண்ணைக் குறைச்சு உங்க பேரைக் காப்பாத்தியிருக்கோம்.”

“ஆறு இருந்தாதான் சார் தாங்கும்!”

“தாங்கறது வேற, அழகு வேற. ரெண்டையும் குழப்பிக்கக்கூடாது.”

எடுத்த மரத்தைத் துண்டு போட்டுப் பரிசுக் கேடயங்கள் செய்யக் கொடுத்துவிட்டார்கள்.

முதல் பரிசு ஆய்வாளருக்கு. சுவருக்கு ‘மூலப் படைப்பு’ என்ற தகுதி கிடைத்தது. அதில் சாந்து பூசுவது குற்றம் என்று ஒரு பலகை தொங்கியது, சாய்வாக. விழா வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதே கூடத்தில், அதே சுவரின் முன்னால். இருநூற்றுப் பதினான்கு பேர் வந்தார்கள். எல்லார் கழுத்திலும் கேமரா. எல்லாத் தலையும் சாய்ந்திருந்தது. ஏற்றக் கட்சி இடப்பக்கம், இறக்கக் கட்சி வலப்பக்கம்.

தலைவர் ஒலிபெருக்கிக்கு முன் வந்தார்.

“நாற்பது வருஷமா இந்தச் சுவருக்கு எதிரில உக்காந்திருக்கேன். ஒரு நாள்கூட இதைப் பார்த்ததில்ல. இந்த அம்மா படம் எடுத்துக் காட்டின பிறகுதான் இங்க சுவர்னு ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சுது!”

பலத்த கைதட்டல். கூரையிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது.

“சில பேர் வந்து, சுவர் விழப்போகுதுன்னு சொன்னாங்க. நான் சொன்னேன், விழட்டும்! விழறதும் ஒரு சாய்வுதானே!”

இன்னும் பலத்த கைதட்டல். இந்த முறை சுண்ணாம்போடு ஒரு சில்லும் வந்தது. முதல் வரிசைக்காரர் அதைத் தோளிலிருந்து தட்டிவிட்டுத் தொடர்ந்து கைதட்டினார்.

மேடையில் இருந்த ஆய்வாளர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டிய மூன்று கண்ணாடிகளும் போய்விட்டன. வரவேற்பு மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த தங்கை, வாயசைத்துச் சொன்னாள்: “பூனை போகும் அக்கா.”

அவரைப் பேச அழைத்தார்கள். ஆபத்து என்று கத்தினால் கைதட்டுவார்கள். கைதட்டினால் கூரை வரும். அவருக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. சுவர்களைப் பற்றிச் சுவர்களிடம் பேசித்தான் பழக்கம்.

“எல்லாருக்கும் வணக்கம். முதல்ல, யாரும் கைதட்ட வேண்டாம்” என்றார். “ஏன்னா... இந்தப் படைப்பு இன்னும் முடியல.”

கூட்டம் நிமிர்ந்தது, அதாவது இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

“இந்த மூலைவிட்டம் இந்தச் சுவரோட நிக்கல. கூரையைத் தாண்டி வெளிய போகுது. அது எங்க போய் முடியுதுன்னு எதிர்ச்சாரித் தெருமுனையில நின்னு பாத்தாதான் தெரியும். இங்க உக்காந்து பாக்கறவங்களுக்குப் பாதிக் கோடுதான் தெரியும்.” அவர் இரு கட்சிகளையும் மாறி மாறிப் பார்த்தார். “பாதிக் கோடு பாத்தவங்க யார் யாருன்னு நாளைக்குப் பேச்சு வரும். நான் தடுக்க முடியாது.”

முதல் வரிசை காலியாக மூன்று நொடி ஆயிற்று. ஏற்றக் கட்சிக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று இறக்கக் கட்சியும், இறக்கக் கட்சிக்கு முன்னால் என்று ஏற்றக் கட்சியும் பாய்ந்தன. ஆனால் சுற்றறிக்கை சுற்றறிக்கைதான். எல்லாரும் மூலையிலிருந்து மூலைக்கு நடந்தார்கள். கூடத்தின் நடுவில் இருநூற்றுப் பதினான்கு பேரும் ஒரே முடிச்சாகச் சிக்கிக்கொண்டார்கள். மேலே எங்கோ ஒரு உத்தரம் முனகியது.

“நேராப் போங்க!” என்று ஆய்வாளர் ஒலிபெருக்கியில் அலறினார்.

முடிச்சு அப்படியே நின்றது. “நேராவா?” என்று ஒருவர் அதிர்ந்து கேட்டார்.

“ஆமா! எல்லாரும் சாஞ்சு போற காலத்துல நேராப் போறவன்தான் புரட்சிக்காரன்!”

முடிச்சு அவிழ்ந்தது. ஒவ்வொருவரும் தானே முதல் புரட்சிக்காரன் என்ற முகத்தோடு வாசலை நோக்கி நேராக ஓடினார். தலைவரைச் செயலாளர் இழுத்துக்கொண்டு போனார். தேநீர் கொண்டுவந்தவர், அசைவு ஒருங்கிணைப்பாளர், எல்லாரும் போனார்கள். ஆய்வாளர் வாசலில் நின்று எண்ணினார். ஒரு தலை குறைந்தது.

தங்கை மேசையில் உட்கார்ந்திருந்தாள். கையில் பேனா. வெளியேறும் ஒவ்வொருவரின் நேரத்தையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

“எழுந்து வாடி!”

“இருநூத்தி ஒம்பது வரைக்கும் எழுதிட்டேன் அக்கா. இன்னும் அஞ்சு பேரை...”

ஆய்வாளர் உள்ளே பாய்ந்து, பதிவேட்டோடு சேர்த்துத் தங்கையைத் தூக்கி நிறுத்தி, முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே ஓடினார். இருவரும் வாசற்படியைத் தாண்டித் தெருவில் கால் வைத்ததும் பின்னால் முதல் மரம் முறியும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவது. பிறகு எண்ண முடியவில்லை. மேற்குச் சுவர் தன் பாதிக் கூரையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தது. தெரு முழுவதும் வெள்ளைத் தூசி.

தூசி அடங்கியபோது எதிர்ச்சாரியில் இருநூற்றுச் சொச்சம் வெள்ளை உருவங்கள் நின்றன. தலைவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா?” என்று கேட்டார். குரலில் கலை எதுவும் இல்லை. ஒரு வயதான மனிதரின் குரல்.

“வந்துட்டாங்க சார். எண்ணிட்டேன்.”

அவர் ஆய்வாளரின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் விடவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அது நல்ல வார்த்தையாகவே இருந்திருக்கும் என்று ஆய்வாளர் பிறகும் நம்பினார். அதற்குள் செயலாளர் வந்துவிட்டார்.

“யாராவது எடுத்தீங்களா?” என்று செயலாளர் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். “விழும்போது யாராவது படம் எடுத்தீங்களா?”

இருநூற்றுப் பதினான்கு கேமராக்களில் ஒன்றும் பதில் சொல்லவில்லை. சுவர் விழுந்த நேரத்தில் ஏற்றக் கட்சி, தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்ப்பதா வலப்பக்கம் சாய்த்துப் பார்ப்பதா என்று இறக்கக் கட்சியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டுத் திரும்பியபோது தூசிதான் இருந்தது.

தலைவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க உள்ளேயிருந்து பழைய தலைவர் வந்துகொண்டிருந்தார்.

“ஒருத்தர்கூட எடுக்கலையா?”

“ஒருத்தர்கூட எடுக்கல.”

தலைவர் எழுந்து நின்றார். “அப்போ, பேரவையைப் பொறுத்தவரை சுவர் விழல” என்றார். “படம் இல்லாத எதையும் நாம நிகழ்வா ஏத்துக்கறதில்ல. செயலாளர், பதிவேட்ல எழுதச் சொல்லுங்க. விழா இனிதே நடந்தது. கட்டடம் வழக்கம்போல இருந்தது.”

செயலாளர் தங்கையின் பக்கம் திரும்பினார். “எழுதிக்கோம்மா. விழா இனிதே...”

தங்கை கையிலிருந்த பதிவேட்டைப் பார்த்தாள். அவருடைய நெஞ்சில் அதை வைத்து அழுத்தினாள்.

“நீங்களே எழுதிக்கோங்க சார். நான் எங்க அக்காவோட வீட்டுக்குப் போறேன்.”

“முன்புலம் போயிட்டா எப்படிம்மா?” என்று செயலாளர் பின்னால் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

தெருக்கோடி வரை இருவரும் வேகமாக நடந்தார்கள். பிறகு தங்கையின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று ஆய்வாளர் பதறிப்போய்ப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். புருவம், கண்ணிமை எல்லாம் வெள்ளை. அவரையும் அது தொற்றிக்கொண்டது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“அக்கா” என்றாள் தங்கை, மூச்சு வாங்கியபடி. “விழும்போது எப்படி இருந்துச்சு? நான் திரும்பியே பாக்கல. உனக்குத்தான் இதெல்லாம் பாத்துப் பாத்துப் பழக்கமாச்சே.”

“எனக்கும் தெரியாதுடி” என்றார் ஆய்வாளர். “நான் உன்னையே பாத்துட்டு ஓடி வந்தேன்.”